இரண்டு அறைகள்

நடுவர் அவர்களே, மணியின் மேல் விரலை வைத்துக்கொண்டே என்னைப் பார்க்கும் நேரக் காப்பாளர் அவர்களே, எதிரணி நண்பர்களே, அவையோரே, எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பை ஒருமுறை நினைவூட்டிவிடுகிறேன். எதிரணித் தலைவர் பேசியதைக் கேட்ட பிறகு, இது ஏதோ வங்கியைப் பற்றிய பட்டிமன்றம் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கலாம். ‘ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் கால்பந்து கிளப்பை உயர்த்தியது பணமா? மனிதர்களா?’ இதுதான் தலைப்பு. 2025 வரை 34 தேசியப் பட்டங்கள், 20 ஜெர்மன் கோப்பைகள், ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பை 6 முறை என்று அவர் அடுக்கிய கணக்கில் பிழை இல்லை. ஆனால் எல்லாம் பணத்தால் வந்தது என்று சொல்லி மூன்று காரணம் காட்டினாரே, அங்கேதான் சறுக்கிவிட்டார். பெரிய நிறுவனங்கள் பங்கு வைத்திருக்கின்றனவாம். அரசு கட்டிய ஒலிம்பிக் மைதானம் கிடைத்ததாம். போட்டி அணிகளின் நல்ல வீரர்களையெல்லாம் காசு கொடுத்துத் தூக்கிவிடுகிறார்களாம்.

ஒவ்வொன்றாக வருகிறேன். அதற்கு முன் இரண்டு அறைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். தமிழில் அறை என்றால் இரண்டு பொருள். உட்காரும் அறை ஒன்று, கன்னத்தில் விழும் அறை இன்னொன்று. பேயர்னின் வரலாற்றில் இரண்டும் உண்டு.

முதல் அறை மியூனிக்கின் ஸ்வாபிங் பகுதியில் ‘கிசெலா’ என்ற உணவகத்தில் இருந்தது. 1900 பிப்ரவரி 27. ஓர் உடற்பயிற்சிச் சங்கம் தன்னிடமிருந்த கால்பந்துக்காரர்களைக் கால்பந்துச் சங்கத்தில் சேர விடவில்லை. பதினொரு பேர் கோபித்துக்கொண்டு எழுந்து, அந்த உணவகத்துக்குப் போய், அன்று இரவே தனிக் கிளப் தொடங்கிவிட்டார்கள். சரியாக ஓர் அணிக்கு ஆள் இருந்தது. மாற்று வீரர்கூட இல்லை. முதலீட்டாளர் யாரும் பக்கத்து மேசையில் காத்திருந்ததாக எதிரணி நிரூபித்தால் நான் இப்போதே இறங்கிவிடுகிறேன்.

இரண்டாவது அறை 1958-ல் விழுந்தது. கீசிங் பகுதியில் அஞ்சல் ஊழியர் ஒருவரின் மகன். வயது பன்னிரண்டு, பதின்மூன்று. அந்தப் பேட்டையில் எல்லோரும் மியூனிக்கின் இன்னொரு கிளப்பான 1860-ன் ரசிகர்கள். பையனும் அப்படித்தான். அவன் ஆடிக்கொண்டிருந்த சிறிய கிளப்பில் இளையோர் அணியைக் கலைக்கப் போகிறார்கள். அடுத்து 1860-க்குப் போவது என்று கூட்டாளிகளோடு பேசி வைத்திருந்தான். கடைசிப் போட்டித் தொடரில் எதிரே நின்றதே அந்த 1860 அணிதான். ஆட்டத்தில் உரசல் வந்தது, வாய்ச்சண்டை வந்தது, 1860 பையன் ஒருவன் இவன் கன்னத்தில் ஒன்று வைத்தான். கன்னத்தைத் தடவிக்கொண்டே மனத்தை மாற்றிக்கொண்டான்: ‘பேயர்னுக்கே போகிறேன்.’ அந்தப் பையன்தான் ஜெர்மனியின் மிகப் பெரிய கால்பந்து வீரர்களில் ஒருவரான பிரான்ஸ் பெக்கன்பவர். பின்னாளில் அவரே பலமுறை சொன்ன கதை இது.

அந்த அறைக்கு எந்த வங்கியில் கடன் வாங்கினார்கள் என்று எதிரணி சொல்லட்டும். ‘அது அதிர்ஷ்டம்’ என்று அங்கிருந்து ஒரு குரல் வருகிறது. சரி, அதிர்ஷ்டம் என்றே வைத்துக்கொள்வோம். பணம் இல்லை என்று ஒப்புக்கொண்டதற்கு நன்றி.

நடுவர் அவர்களே, இந்த வழக்கை முடிக்க நான் தொலைவுக்குப் போக வேண்டியதில்லை. ஒரே ஊர், இரண்டு கிளப். பேயர்னையும் 1860-ஐயும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பாருங்கள்.

1963-ல் ஜெர்மனியில் முதல்முறையாக நாடு முழுவதற்குமான லீக், புண்டஸ்லிகா, தொடங்குகிறது. பதினாறு இடம். ஓர் ஊரிலிருந்து ஒரு கிளப் போதும் என்றது சங்கம். அந்த ஆண்டு தெற்கு லீக்கில் முதலிடம் 1860-க்கு. பேயர்னுக்கு மூன்றாம் இடம். 1860 உள்ளே, பேயர்ன் வெளியே. இரண்டாம் நிலையில் ஆடும் கிளப்புக்கு வருமானம் ஏது? பெயர் பெற்ற வீரர்களை வாங்க வழியில்லை. பயிற்சியாளர் சைகோவ்ஸ்கி கையில் இருந்த பொடியன்களைக் களத்தில் இறக்கினார். கோல்கீப்பர் செப் மையர். பதினெட்டு வயதில் பெக்கன்பவர். 1964-ல் நார்ட்லிங்கன் என்ற சிற்றூரிலிருந்து கட்டைக் குட்டையாக ஒரு முன்கள வீரர், கெர்ட் முல்லர். அவரைப் பிடிக்க 1860 கிளப்பும் ஆள் அனுப்பியிருந்தது. பேயர்ன்காரர்கள் ஒரு மணி நேரம் முன்னால் போய்ச் சேர்ந்துவிட்டார்கள் என்பது ஊரறிந்த கதை. குண்டாக இருக்கிறாரே என்று பயிற்சியாளருக்கு முதலில் முகம் சுளித்தது. அந்தக் குண்டு மனிதர் புண்டஸ்லிகாவில் 427 ஆட்டங்களில் 365 கோல் அடித்தார். இன்றுவரை அதை யாரும் எட்டவில்லை.

இவர்களை வைத்துக்கொண்டு 1965-ல் மேலே வந்தார்கள். முதல் ஆட்டமே 1860-உடன். 1-0 என்று தோற்றார்கள். அந்தப் பருவத்தில் பட்டமும் 1860-க்குத்தான் போனது. 1966-ல் நமது எதிரணித் தலைவர் மியூனிக்கில் இருந்திருந்தால், ‘1860-ன் வெற்றிக்குக் காரணம் பணமே’ என்று முழங்கியிருப்பார். அதன் பிறகு 1860-க்கு லீக் பட்டமே வாய்க்கவில்லை. பேயர்ன் 1967-ல் ஐரோப்பாவின் கோப்பை வெற்றியாளர் கோப்பையை வென்றது; 1969-ல் லீக், கோப்பை இரண்டையும் வென்றது; 1974, 75, 76 மூன்று ஆண்டும் ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையான ஐரோப்பியக் கோப்பையைக் கையைவிட்டு விடவில்லை.

ஒலிம்பிக் மைதானம் 1972-ல் வந்தது. கூட்டம் வந்தது, வருமானம் வந்தது. மறுக்க மாட்டேன். ஆனால் அந்தப் பணம் என்ன ஆயிற்று என்று எதிரணி சொல்லாமல் விட்டதை நான் சொல்கிறேன். 1979-ல் கிளப்பின் தலையில் சுமார் 70 லட்சம் மார்க் கடன். முழங்கால் போய், இருபத்தேழு வயதில் ஆட்டம் முடிந்துபோன உலி ஹோனஸ் என்ற வீரரை மேலாளர் நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அடுத்த சில ஆண்டுகள் அந்தக் கிளப் கடனாளி வீடு. 1974-ல் 17,500 மார்க்குக்கு வாங்கி வளர்த்த கார்ல் ஹைன்ஸ் ரும்மனிகேயை 1984-ல் இத்தாலியின் இன்டருக்கு ஏறக்குறைய ஒரு கோடி மார்க்குக்கு விற்றுத்தான் கடனை அடைத்தார்கள். வீட்டில் இருந்த ஒரே நகையை விற்றுக் கடனை அடைத்ததைப் போல. நகை பிறகு வீட்டுக்கே திரும்பி வந்தது: 2002 முதல் 2021 வரை கிளப்பின் நிர்வாகத் தலைவர் அதே ரும்மனிகேதான்.

இப்போது அந்தப் பெரிய நிறுவனங்கள். அடிடாஸ், ஆடி, அல்லியான்ஸ் மூன்றுக்கும் சேர்த்து 25 சதவீதம். மீதி 75 சதவீதம் உறுப்பினர்களின் கிளப்பிடம். அடிடாஸ் பங்கு வாங்கியது 2002-ல். அதற்குள் பேயர்ன் நான்கு முறை ஐரோப்பாவின் முதன்மைக் கோப்பையை வென்று முடித்திருந்தது. சமையல் முடிந்து வாசனை தெருவரைக்கும் வந்த பிறகு பந்தியில் உட்கார்ந்தவர்களை, சமைத்தவர்கள் என்று சொன்னால் எப்படி?

இன்னும் ஒன்று. 2005-ல் திறந்த புதிய அரங்கம் பேயர்னுக்கும் 1860-க்கும் சரிபாதிப் பங்கில் கட்டியது. ஒரே கூரை, ஒரே புல்வெளி. அடுத்த ஆண்டே 1860 தன் பாதியை 1 கோடியே 10 லட்சம் யூரோவுக்குப் பேயர்னிடம் விற்றுவிட்டது. 2011-ல் வெளிநாட்டு முதலீட்டாளர் ஒருவர் 1860-ல் பணத்தைக் கொட்டினார். எதிரணியின் இலக்கணப்படி அது வானத்தில் பறந்திருக்க வேண்டும். 2017-ல் நான்காம் நிலைக்கு விழுந்தது. தலைநகரில் ஹெர்த்தா பெர்லினுக்கு ஒரு முதலீட்டாளர் கொடுத்தது 37 கோடி யூரோவுக்கும் மேல். 2023-ல் அதுவும் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. பணம் பந்தை உதைக்காது என்பதற்கு இதைவிட விலை உயர்ந்த சாட்சி கிடைக்குமா?

மற்ற அணிகளின் வீரர்களைப் பறிக்கிறார்கள் என்றார் எதிரணித் தலைவர். உண்மை. 2013-ல் போட்டிக் கிளப்பான டார்ட்மண்டின் கோட்சே, அடுத்த ஆண்டு லெவண்டோவ்ஸ்கி, பிறகு ஹும்மல்ஸ். அதிலும் கோட்சே விவகாரம் டார்ட்மண்டின் ஐரோப்பிய அரையிறுதிக்கு முந்தின நாள் வெளியானது; டார்ட்மண்ட் ரசிகன் வயிறு எரிந்ததில் நியாயம் இருக்கிறது. ஆனால் அதே 2013-ல் லண்டனின் வெம்பிளியில் நடந்த ஐரோப்பிய இறுதியாட்டத்தில் டார்ட்மண்டை 2-1 என்று வென்ற அணியில் கோட்சேயும் இல்லை, லெவண்டோவ்ஸ்கியும் இல்லை. லாம், ஷ்வைன்ஸ்டைகர், தாமஸ் முல்லர், அலாபா ஆகிய நால்வரும் பேயர்னின் இளையோர் அணிகளில் வளர்ந்தவர்கள். தாமஸ் முல்லர் பத்து வயதில் வந்து, 756 ஆட்டங்கள் ஆடி, 2025-ல்தான் விடைபெற்றுப் போனார்.

அதே டார்ட்மண்ட் அதற்குச் சில ஆண்டுகள் முன்பு திவாலாகும் நிலையில் நின்றபோது 20 லட்சம் யூரோ கடன் கொடுத்தது யார்? பேயர்ன். எந்த ஈடும் கேட்கவில்லை. ஹாம்பர்க்கின் ஏழைக் கிளப் செயிண்ட் பௌலி 2002-ல் பேயர்னை 2-1 என்று தோற்கடித்துவிட்டு, ‘உலகக் கிளப் கோப்பை வென்றவர்களை வென்றவர்கள்’ என்று சட்டை அச்சடித்து விற்றது. அடுத்த ஆண்டு அந்தக் கிளப் மூழ்கப் போனது. கேலி செய்த அந்த வீட்டுக்கே பேயர்ன் போய், சம்பளம் வாங்காமல் ஓர் ஆட்டம் ஆடி நிதி திரட்டிக் கொடுத்தது. பழுத்த மரத்துக்குத்தான் கல்லடி என்பார்கள். கல்லெறிந்தவனுக்கும் இந்த மரம் பழம் கொடுத்தது.

நடுவர் அவர்களே, இந்த இடத்தில் என் குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொள்கிறேன்.

பேயர்ன் முதன்முதலில் ஜெர்மனியின் பட்டம் வென்றது 1932-ல், பிராங்க்ஃபர்ட் அணியை 2-0 என்று தோற்கடித்து. தலைவர் கர்ட் லாண்டவர் ஒரு யூதர். பயிற்சியாளரும் யூதர். அடுத்த ஆண்டு நாஜிகள் ஆட்சிக்கு வந்தார்கள். லாண்டவர் பதவி விலகினார். 1938 நவம்பரில் பிடித்துக்கொண்டு போய் டாகாவ் முகாமில் 33 நாள் அடைத்தார்கள். வெளியே வந்த பிறகு சுவிட்சர்லாந்துக்குப் போனார். உடன்பிறந்தவர்களில் பலரை நாஜிகள் கொன்றார்கள். பேயர்னும் அந்தக் காலத்தில் யூத உறுப்பினர்களை விலக்கும் விதியை ஏற்றுக்கொண்டது. என் கட்சிக்கு உதவாது என்பதற்காக அதை மறைக்க மாட்டேன். அப்படிப்பட்ட ஊருக்கு, அப்படிப்பட்ட நாட்டுக்கு, 1947-ல் அந்த மனிதர் திரும்பி வந்தார். இடிபாடுகளுக்கு நடுவே மீண்டும் தலைவரானார். 1951 வரை கிளப்பைத் தூக்கி நிறுத்தினார். கிளப் இன்றும் பயிற்சி செய்யும் சேபனர் தெரு மைதானம் அவர் காலத்தில் வந்தது. பணத்துக்காகத் திரும்பியிருந்தால் ஜெனீவாவிலிருந்து மியூனிக்குக்கு வந்திருக்கவே மாட்டார்.

கெர்ட் முல்லரைச் சொன்னேன் அல்லவா? ஆட்டம் முடிந்த பிறகு அமெரிக்காவுக்குப் போனார், திரும்பி வந்தார், குடியில் விழுந்தார். கோல் அடிக்க முடியாத, விற்று ஒரு பைசா பார்க்க முடியாத மனிதர். 1991-ல் ஹோனஸும் பழைய கூட்டாளிகளும் அவரைச் சிகிச்சைக்கு அனுப்பி, மீண்ட பிறகு கிளப்பிலேயே பயிற்சியாளர் வேலை கொடுத்தார்கள். இந்தச் செலவை எதிரணி எந்தக் கணக்கில் எழுதும்?

‘அந்த ஹோனஸ்தானே வரி ஏய்ப்புக்காக 2014-ல் சிறைக்குப் போனார்?’ என்று எதிரணியில் முணுமுணுக்கிறார்கள். போனார். மூன்றரை ஆண்டு தண்டனை. அதற்கு நான் வக்காலத்து வாங்கவில்லை. பணம் அந்த மனிதரைக் கெடுத்தது என்று சொல்லுங்கள், கைதட்டுகிறேன். அது உங்கள் கட்சிக்கு எப்படி உதவும் என்றுதான் புரியவில்லை.

மணி அடித்துவிட்டார்கள். ஒன்றே ஒன்று மட்டும். 1974 மே 15, பிரஸ்ஸல்ஸ். ஐரோப்பியக் கோப்பை இறுதியாட்டம், எதிரே அட்லெட்டிகோ மாட்ரிட். கூடுதல் நேரத்தில், 114-வது நிமிடம், அரகோனஸ் ஃப்ரீ கிக்கில் கோல் அடித்துவிட்டார். பேயர்ன் கதை முடிந்தது. 120-வது நிமிடம், பந்து ஸ்வார்சன்பெக் காலில். தடுப்பாட்டக்காரர், பெக்கன்பவர் அழகாக ஆடுவதற்காகப் பின்னால் நின்று அடி வாங்கும் மனிதர். முன்னே போனார், யாரும் மறிக்கவில்லை, எங்கேயோ தொலைவிலிருந்து ஓர் உதை விட்டார். பந்து புல்லை உரசிக்கொண்டு போய் வலையின் மூலையில் விழுந்தது. 1-1. இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம், 4-0, முதல் ஐரோப்பியக் கோப்பை. அந்த ஸ்வார்சன்பெக் பிற்காலத்தில் மியூனிக்கில் ஒரு காகிதக் கடை நடத்தினார். பேயர்ன் அலுவலகத்துக்கு வேண்டிய எழுதுபொருள்கள் அவர் கடையிலிருந்து போயின.

மீண்டும் மணியா? நடுவர் அவர்களே, பிரஸ்ஸல்ஸில் இருந்தவரும் நடுவர்தான். 120-வது நிமிடத்திலும் ஸ்வார்சன்பெக் உதைத்து முடிக்கும்வரை அவர் விசிலை ஊதவில்லை. நீங்கள் எனக்கு இரண்டு நிமிடம்கூடத் தர மாட்டேன் என்கிறீர்கள். உட்காருகிறேன்.