ஸ்டாக்கின் சுருட்டிய மெத்தை

நேயர்களுக்கு வணக்கம். ஃபுட்பால் என்றதும் உருண்டைப் பந்தை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால்: பந்து இருபுறமும் கூம்பியிருக்கும், கையில் இடுக்கிக்கொண்டு ஓடுவார்கள், எதிரணியினர் கட்டிப்பிடித்து வீழ்த்துவார்கள். கபடி பார்த்தவர்களுக்குப் பாதி புரிந்துவிடும்.

அந்த ஆட்டத்தின் பயிற்சியாளர் ஆமோஸ் அலோன்சோ ஸ்டாக், 1862-இல் பிறந்தவர். யேல் பல்கலைக்கழகத்தில் பேஸ்பால் பந்துவீச்சாளர். 1889-இல் முதன்முதலாக அறிவித்த அகில அமெரிக்க ஃபுட்பால் அணியிலும் இருந்தார். பாதிரியார் படிப்பை விட்டு ஸ்பிரிங்ஃபீல்டு ஊரின் ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளிக்கு வந்தார். அங்கே நெய்ஸ்மித் பாஸ்கெட்பாலை உருவாக்கிய சமயம். 1892 மார்ச் 11, அங்கே நடந்த பாஸ்கெட்பால் ஆட்டத்தில் மாணவர்கள் 5, ஆசிரியர்கள் 1. அந்த ஒன்றைப் போட்டவர் ஸ்டாக்!

அவர் செய்ததில் எனக்குப் பெரிதாகப் படுவது ஒரு மெத்தை. யேலில் இருந்தபோதே உடற்பயிற்சிக்கூட மெத்தையைச் சுருட்டிக் கட்டி, பிடித்து வீழ்த்தப் பழக ஆட்களை அதன்மேல் பாயவிட்டார். ஏன் மெத்தை? சக ஆட்டக்காரன்மேல் தினமும் பாய்ந்தால், ஆட்டத்தன்று பாதிப்பேர் நொண்டுவார்கள். மெத்தைக்கு வலிக்காது, எத்தனை தடவையும் தப்புப் பண்ணலாம். சரியான பிடி இதுதான்: தோள் தொடையில் இடிக்கணும், கைகள் முழங்காலுக்குப் பின்னால் பூட்டணும், கால்கள் நிற்காமல் உந்தணும். தோள், கை, கால். கை மட்டும் போனால் ஓடுகிறவன் வழுக்கிவிடுவான். தலையைக் குனிந்து முட்டினால் பாரமெல்லாம் கழுத்தில் இறங்கும், அது ஆபத்து.

பிடி எதற்கு உதவும்? 1892 முதல் சிகாகோ பல்கலைக்கழகப் பயிற்சியாளர் அவர்தான். 1905 நவம்பர் 30, எதிரே மிச்சிகன். 1901-இலிருந்து 56 ஆட்டம் தோற்காத அணி. சிகாகோ உதைத்த பந்தைத் தன் அணியின் கடைசிக் கோட்டுக்குப் பின்னால் பிடித்த மிச்சிகன்காரர், அங்கேயே பந்தைத் தரையில் வைத்திருந்தால் புள்ளி போயிருக்காது. ஓடப் பார்த்தார். கோட்டுக்குப் பின்னாலேயே தள்ளி வீழ்த்தினார்கள். அப்படி வீழ்த்தினால் எதிரணிக்கு இரண்டு புள்ளி. சிகாகோ 2-0, அவ்வளவுதான் மொத்த ஸ்கோர். தோள், கை, கால் என்று சொன்னேன் அல்லவா?

நேரம் நெருக்குகிறது, சுருக்கிவிடுகிறேன். எழுபது வயதானதும் 1932 சீசனோடு சிகாகோ ஓய்வு கொடுத்து அனுப்பியது. கலிஃபோர்னியாவின் பசிஃபிக் கல்லூரிக்குப் போய் 14 சீசன் நடத்தினார். 1943-இல், 81 வயதில், ஆண்டின் சிறந்த பயிற்சியாளர் விருது. 1965-இல் 102 வயதில் காலமானார். அவர் பெயர் தாங்கிய சிகாகோ மைதானத்தின் மேற்குப் பார்வையாளர் வரிசைக்கு அடியில் 1942-இல் முதல் அணு உலை இயங்கிய கதையையும் வைத்திருந்தேன். சிவப்பு விளக்கு எரிந்துவிட்டது. வணக்கம்.