செல்ஃப் எடுக்கவில்லையா? பேட்டரி வாங்கக் கிளம்பும் முன் ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பைத் தேடுங்க!

வணக்கம் மக்களே. ஆபீஸுக்கு நேரமாகிவிட்டது, சாவியைப் போட்டு செல்ஃப் பட்டனை அழுத்தினால் ஸ்கூட்டர் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு கம்மென்று நிற்கிறது. தள்ளிக்கொண்டு கடைக்குப் போனால், சீட்டைக்கூடத் தூக்கிப் பார்க்காமல் "பேட்டரி போச்சு சார்" என்று தீர்ப்பு வந்துவிடும். புதுசு மாட்டி அதுவும் ஒரு வாரத்தில் படுத்துவிட்டால், அந்த பேட்டரி டூப்ளிகேட் என்று பழி. பல நேரம் பேட்டரி நிரபராதி. துருப்பிடித்த ஒரு எர்த் போல்ட்டோ, வயர்களை இணைக்கிற, பிடி தளர்ந்த ஒரு கப்ளரோதான் எங்கேயோ ஒளிந்துகொண்டு வேலையைக் காட்டியிருக்கும். அதைப் பிடிக்கப் பெரிய மெஷின் எதுவும் வேண்டாம், வோல்ட் அளக்கிற சின்ன மல்டிமீட்டரும், உள்ளே கம்பி எரிகிற பழைய ரக இண்டிகேட்டர் பல்பு ஒன்றும் போதும். எல்.இ.டி. ஆகாது. ஏன் என்பது நடுவில் வருகிறது, ஓட்டிவிட்டுப் பார்க்கிறவர்களுக்கு அந்த இடம் தவறிப்போகும், அப்புறம் என்னைக் கேட்கக் கூடாது.

[திரையில்: காகிதத்தில் வரைந்த சர்க்யூட் படம்]

முதலில் போரடிக்கிற பாடம், ஒரே மூச்சில் முடித்துவிடுகிறேன். இன்ஜின் ஓடும்போது மேக்னட் சுற்றி ஸ்டேட்டர் காயிலில் ஏ.சி. கரண்ட் வரும், ரெக்டிஃபையர் யூனிட் அதை டி.சி.யாக்கி, 14 வோல்ட்டுக்குக் கொஞ்சம் முன்னே பின்னே அடக்கி பேட்டரிக்கு அனுப்பும், அங்கிருந்து ஃபியூஸ், சாவி, ஸ்விட்ச் வழியாக லைட்டுக்கும் ஹார்னுக்கும் போகும், திரும்பி வருகிற வழிக்குப் பெயர் எர்த். சரி, பாடம் முடிந்தது.

செல்ஃப் அழுத்தினால் சத்தமே வரவில்லையா? டூல் பாக்ஸைத் திறக்க வேண்டாம். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பின்னால் லைட் எரிகிறதா என்று யாரையாவது பார்க்கச் சொல்லுங்க. நம்ம ஊர் ஸ்கூட்டர்களில் பிரேக் பிடித்தால்தான் செல்ஃப் எடுக்கும், லிவருக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு ஸ்விட்ச் உட்கார்ந்திருக்கும். வாட்டர் சர்வீஸ் விட்ட மறுநாள் மடக்கிக்கொள்வது பெரும்பாலும் இதுதான். இடது லிவரில் எரியவில்லை என்றால் வலதைப் பிடித்துப் பாருங்க. புது வண்டியாக இருந்தால் சைடு ஸ்டாண்டையும் ஒரு தடவை எடுத்துப் பார்த்துவிடுங்க. சிரிக்காதீங்க, இதற்காகவே வண்டியைத் தள்ளிக்கொண்டு போகிறவர்கள் உண்டு.

'டக டக டக' என்று ரிலே (செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடுகிற ஸ்விட்ச்) அடித்துக்கொண்டே இருந்தால், பேட்டரி தளர்ந்திருக்கிறது அல்லது டெர்மினல் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறது. ராத்திரி முழுக்கச் சும்மா நின்ற வண்டியின் பேட்டரியில் மீட்டர் 12.6 வோல்ட் காட்டினால் நல்ல சார்ஜ், 12-க்குக் கீழே போயிருந்தால் முதலில் சார்ஜ் போடுங்க. சார்ஜ் ஏறிய பிறகும் செல்ஃப் அழுத்துகிற நேரத்தில் 9.5-க்குக் கீழே விழுந்தால் பேட்டரி உண்மையாகவே போய்விட்டது, தாராளமாகப் புதுசு வாங்குங்க. ஒரே ஒரு 'டிக்' மட்டும் வந்து, வோல்ட் கீழே இறங்காமல் அப்படியே நின்றால் கரண்ட் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. ரிலே, கேபிள், மோட்டாருக்குள் கரண்டைக் கொடுக்கிற கார்பன் பிரஷ் என்று அந்தப் பக்கம் தேட வேண்டும்.

[திரையில்: பல்பு ஹோல்டர், இரண்டு வயர், நுனியில் முதலை கிளிப்]

இப்போது நம்ம ஹீரோ. ஹோல்டரோடு ஒரு 21 வாட் பல்பு, இரண்டு வயர், அவ்வளவுதான் டெஸ்ட் லேம்ப். 'கையில் மல்டிமீட்டர் இருக்கும்போது இது எதற்கு' என்று கமெண்ட் போடப் போகிறவர்களே, கொஞ்சம் பொறுங்க. ஒரு வயரில் இருக்கிற செம்பு இழை எல்லாம் உள்ளுக்குள்ளேயே அறுந்து ஒரே ஒரு இழை மட்டும் பட்டும் படாமலும் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று வையுங்க. மீட்டரை வைத்தால் அழகாக 12 வோல்ட் காட்டும்! நீங்களும் வயர் நல்லாத்தான் இருக்கிறது என்று அடுத்த இடத்துக்குப் போய்விடுவீங்க. மீட்டர் உறிஞ்சுவது மைக்ரோ ஆம்பியர் கணக்கில், ஆனால் இந்த பல்பு ஒன்றே முக்கால் ஆம்பியர் கேட்கும். ஒற்றை ஆள் நுழைகிற சந்துக்குள் கல்யாண பஸ்ஸை விட்டால் என்ன ஆகும்? அதேதான். மீட்டரில் 12 காட்டுகிற இடத்தில் பல்பு மங்கலாக எரிந்தால் கோளாறு அந்த வயரில்தான் இருக்கிறது. எல்.இ.டி.யும் மீட்டர் கட்சிதான், துளி கரண்ட் கிடைத்தாலே பளிச்சென்று சிரிக்கும். அதனால்தான் வேண்டாம் என்றேன்.

எர்த்துக்கும் இதே கதை. மீட்டரின் ஒரு முனை பேட்டரியின் மைனஸ் முனையில், இன்னொன்று இன்ஜினின் பெயிண்ட் இல்லாத உலோகத்தில். செல்ஃப் அழுத்துங்க. அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் போல்ட்டைக் கழற்றி, உப்புத்தாளால் பளபளவென்று வருகிற வரைக்கும் தேய்த்து இறுக்குங்க. கடற்கரைப் பக்கம் வண்டி வைத்திருக்கிறவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன். லைட்டைப் போட்டால் இண்டிகேட்டர் மங்குவது, ஹார்ன் அடித்தால் வண்டியின் பெட்ரோல் முள் ஆடுவது போன்ற பேய் வேலைகள் பாதி இதிலேயே அடங்கிவிடும்.

அடுத்தது எனக்கு ரொம்பப் பிடித்த வித்தை. ஃபியூஸ் மாட்டினால் போகிறது, மறுபடி மாட்டினால் மறுபடி போகிறது. ஃபியூஸைக் கழற்றிவிட்டு, அது உட்கார்ந்திருந்த இடத்தின் இரண்டு முனையிலும் நம்ம பல்பை மாட்டுங்க. எங்கேயோ பிளஸ் வயர் பாடியில் ஒட்டுகிறது என்றால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். ஷார்ட் அப்படியேதான் இருக்கிறது, ஆனால் கரண்டை பல்பு தடுத்துப் பிடித்துக்கொள்வதால் ஃபியூஸும் போகாது, வயரிங்கும் கருகாது. இனி நிதானமாக ஹேண்டில் பாரை இடது கோடிக்கும் வலது கோடிக்கும் திருப்புங்க. சீட் கீலுக்குப் பக்கத்தில் வயரை ஆட்டுங்க. பின் மட்கார்டுக்குள் கையை விடுங்க, எலி வசிக்கிற ஏரியாவாக இருந்தால் டிக்கிக்கு அடியிலும் பாருங்க. கப்ளர்களையும் ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டே வாங்க. எதைத் தொட்டபோது பல்பு பட்டென்று அணைகிறதோ, எலியோ கம்பியோ கடித்த இடம் அதுதான். ஹேண்டில் திரும்புகிற கழுத்துப் பகுதியில் சிக்குவதுதான் அதிகம், அந்த வயர் தினம் முறுக்கப்படுகிறது, பாவம். பல்பு லேசாகச் சிவந்து மட்டும் எரிந்தால் பயப்படாதீங்க, அது வண்டி வழக்கமாக எடுக்கிற கரண்டாக இருக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 (புகை அளவு விதி) வண்டிகளில் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், இன்ஜினை நடத்துகிற இ.சி.யூ. என்கிற குட்டிக் கம்ப்யூட்டர் எல்லாம் உண்டு. சென்சார் வயர்களில் இந்த பல்பைக் கொண்டுபோய் வைக்காதீங்க, அங்கே மீட்டர் மட்டும்தான். ஓடுகிற இன்ஜினில் பேட்டரியைக் கழற்றிப் பார்க்கிற பழைய கால டெஸ்ட்டும் வேண்டவே வேண்டாம், வோல்ட் எகிறி இ.சி.யூ.வை அடித்துவிட்டால் பேட்டரி விலை எல்லாம் சில்லறை ஆகிவிடும்.

சார்ஜிங் பற்றி ஒரு வரி: ஆக்சிலேட்டரை முறுக்கினால் பேட்டரியில் 13.5 முதல் 14.8 வரை வர வேண்டும், 15-ஐத் தாண்டினால் ரெக்டிஃபையர், ஏறவே இல்லை என்றால் ஸ்டேட்டர் அல்லது உருகிப்போன அதன் கப்ளர். ஹெட்லைட்டுக்கு ஏன் ஆஃப் ஸ்விட்சே இல்லை என்று கேட்கிறவர்களுக்கு, 2017 ஏப்ரலில் இருந்து அது சட்டம், உங்கள் வண்டியில் கோளாறு இல்லை.

கடைசியாக வயர் நிறம், இதில்தான் யூடியூப் பார்த்து வேலை செய்கிறவர்கள் மாட்டுவார்கள். ஹோண்டாவில் எர்த் பச்சை, கறுப்பு என்பது சாவி போட்டதும் பிளஸ் வருகிற வயர். யமஹாவில் கறுப்புதான் எர்த், சாவி பிளஸ் பழுப்பு. சுசுகியில் கறுப்பில் வெள்ளைக் கோடு எர்த், சாவி பிளஸ் ஆரஞ்சு. ஒரு வண்டியின் வீடியோவைப் பார்த்துவிட்டு இன்னொரு வண்டியில் கறுப்பைக் கொண்டுபோய் பாடியில் இணைத்தால், ஃபியூஸ் போனதோடு தப்பித்தோம் என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். அந்த ஃபியூஸுக்குப் பதிலாக சிகரெட் அட்டை வெள்ளித்தாளைச் சுற்றுகிற மேதைகள் இருக்கிறார்கள், அவர்களுக்குத் தனி வீடியோ போடுகிறேன்.

உங்கள் வண்டியில் எர்த் என்ன நிறம், என்ன மாடல், எந்த வருஷம் என்று கமெண்டில் எழுதுங்க, எல்லாவற்றையும் தொகுத்து ஒரே பட்டியலாக கமெண்ட் பகுதியின் மேலே நிறுத்தி வைக்கிறேன்.