இலத்தீன் கற்போருக்குச் சிற்றகராதி

நேயர்களுக்கு வணக்கம்.

ஜெர்மனியின் மியூனிக் நகரில் 1894-ஆம் ஆண்டு தொடங்கிய இலத்தீன் பேரகராதிப் பணி இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. பழைய நூல்களிலிருந்தும் கல்வெட்டுகளிலிருந்தும் எடுத்தெழுதிய ஏறத்தாழ ஒரு கோடிச் சீட்டுகள் அங்கே பெட்டி பெட்டியாக அடுக்கப்பட்டுள்ளன. முதல் பகுதி 1900-இல் அச்சேறியது. பணி நிறைவுபெற இந்த நூற்றாண்டின் நடுப்பகுதி ஆகிவிடும் என்று கணக்கிடுகிறார்கள். அத்தகைய உழைப்புக்கு முன்னால், சட்டைப் பையில் அடங்கும் அகராதியைப் பற்றி உரையாற்ற வருவது வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும் இலத்தீன் கற்பிப்பவன் என்ற வகையில் எனக்கு ஒரு கருத்து உண்டு. பெரிய அகராதி வாங்க இயலாதவருக்கான மலிவுப் பதிப்பாகச் சிற்றகராதியைக் கருதுவது தவறு. அது வேறொரு வேலைக்காக, பல நேரங்களில் மிகத் தேர்ந்த அறிஞர் ஒருவரால் செய்யப்பட்ட கருவி.

சார்ல்டன் லூயிஸ் என்பவரைப் பாருங்கள். நியூயார்க்கில் வழக்கறிஞராக இருந்த அவரும் சார்ல்ஸ் ஷார்ட் என்ற பேராசிரியரும் சேர்ந்து 1879-இல் வெளியிட்ட இலத்தீன்–ஆங்கில அகராதி இரண்டாயிரம் பக்கங்களைத் தாண்டியது. அட்டையில் இருவர் பெயரும் இருந்தாலும் ஷார்ட் செய்தது முதல் எழுத்தை மட்டுமே; எஞ்சிய எழுத்துகள் அனைத்தையும் லூயிஸே முடித்தார். அவ்வளவு பெரிய நூலைச் செய்தவர் அத்துடன் ஓய்ந்துவிடவில்லை. சற்றேறக்குறையப் பத்தாண்டுகளில் மாணவர்களுக்கென்று தனியாக ஒரு சிறிய அகராதியையும் எழுதி வெளியிட்டார். சீசர், சிசரோ, லிவி, வர்ஜில், ஹோரஸ், ஓவிட் முதலாகப் பள்ளிகளில் பாடமாகும் ஆசிரியர்கள் கையாண்ட சொற்களையே அதன் எல்லையாக வகுத்துக்கொண்டார். எதை விடலாம் என்று துணிந்து முடிவெடுக்க எல்லாவற்றையும் ஒருமுறை அளந்து பார்த்தவரால்தான் முடியும்.

இன்னொருவர் டக்ளஸ் கிட். நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரிலுள்ள கேன்டர்பரி பல்கலைக்கழகத்தில் செவ்வியல் மொழிப் பேராசிரியராக விளங்கியவர். காலின்ஸ் நிறுவனத்தின் ‘ஜெம்’ வரிசையில் 1957-இல் வந்த உள்ளங்கை அளவிலான இலத்தீன் அகராதி அவருடையது. அவரே பிற்காலத்தில் ஆராட்டஸ் என்ற கிரேக்கக் கவிஞர் விண்மீன்களைப் பற்றிப் பாடிய 1154 அடிகள் கொண்ட நூலுக்கு விரிவான உரையுடன் பதிப்பு ஒன்றைக் கொண்டுவந்தார். அது 1997-இல் கேம்பிரிட்ஜில் வெளியானது. சிசரோ தம் இளமையில் இலத்தீனில் மொழிபெயர்த்த நூல் அது. ஓர் அடிக்குப் பக்கக்கணக்கில் உரை எழுதத் தெரிந்தவர், ஒரு சொல்லுக்கு ஒன்றரை வரியே போதும் என்று நிறுத்திக்கொள்ளவும் தெரிந்தவராக இருந்தார் என்பதை நான் வியந்து நினைப்பதுண்டு.

அந்த ஒன்றரை வரியில் என்ன இருக்கும்? ‘சுமத்தல்’ என்று பொருள்படும் வினையை எடுத்துக்கொள்வோம். ‘ஃபெரோ, ஃபெர்ரே, துலி, லாதும்’ என நான்கு வடிவங்கள் அதில் அடுத்தடுத்து நிற்கும். நூலில் ‘துலித்’ என்று வாசிக்கும் மாணவருக்கு அது ‘ஃபெரோ’வின் இறந்தகாலம் என்று எப்படித் தெரியும்? தமிழில் ‘செத்தான்’ என்பதற்குப் பொருள் தேடுபவர் ‘சா’ என்ற இடத்துக்குப் போகவேண்டும் என்பது நமக்குத் தெரியும். புதிதாகத் தமிழ் படிக்கும் அயல்நாட்டவருக்குத் தெரியாதல்லவா? நல்ல சிற்றகராதி ‘துலி’யையும் அதன் அகரவரிசையில் தனியே நிறுத்தி, ‘ஃபெரோ காண்க’ என்று வழிகாட்டிவிடும். பெயர்ச்சொல்லாயின் எழுவாய் வடிவத்துடன் ஆறாம் வேற்றுமை வடிவமும் பாலும் சேர்ந்தே வரும். தொடக்க நிலை மாணவருக்கு நாளும் தேவைப்படுவது இவைதாம்.

மற்றொரு பயன் குறில் நெடில் பற்றியது. இலத்தீன் எழுத்தில் உயிரின் நீளம் பொதுவாகத் தெரிவதில்லை. ‘பொபுலுஸ்’ என்றால் மக்கள். ‘போபுலுஸ்’ என்றால் நெட்டிலிங்கம் போல உயர்ந்து வளரும் ஒருவகை மரம். ‘லெவிஸ்’ என்றால் கனமற்றது. ‘லேவிஸ்’ என்றால் வழவழப்பானது. அச்சில் இரண்டும் ஒன்றாகவே தோன்றும். அகராதியில் நெடிலின் தலையில் ஒரு சிறு கோடு இருக்கும். நம் ஓலைச்சுவடிகளிலும் எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் வேறுபாடு தெரியாமல் எழுதப்பட்டு வந்தன. அவற்றுக்கு இன்றைய வடிவ வேறுபாட்டைத் தந்தவர் வீரமாமுனிவர் என்று நாம் படித்திருக்கிறோம். சதுரகராதியுடன் தமிழ்–இலத்தீன் அகராதியும் தொகுத்த அம்முனிவர் இலத்தீனில் ஊறியவர் என்பதை இங்கே நினைவுகூர்வது பொருத்தமாக இருக்கும்.

குறையும் உண்டு. ‘ரதியோ’ என்ற சொல்லுக்குக் கணக்கு, காரணம், பகுத்தறிவு, முறை, கோட்பாடு என்று சிற்றகராதி பொருள்களை அடுக்கும். எந்தப் பொருளை எந்த ஆசிரியர், எந்த இடத்தில் ஆண்டார் என்று சொல்லாது. முதலில் நிற்கும் பொருளையே எடுத்து எழுதும் மாணவர், லுக்ரீஷியஸின் தத்துவப் பாடலைக் கடைக்காரரின் வரவுசெலவாக மாற்றிவிடுவார். அங்கே மேற்கோள்களுடன் கூடிய பேரகராதியைத் திறக்காமல் தீராது. இலத்தீனில் எழுதிப் பழகுவோரும் ஆங்கிலம்–இலத்தீன் பகுதியில் கண்ட சொல்லை அப்படியே எடுத்தாளாமல், இலத்தீன்–ஆங்கிலப் பகுதியில் ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பெரியது என்பதாலேயே எல்லாம் கிடைத்துவிடும் என்றும் எண்ண வேண்டாம். 1968 முதல் 1982 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு இலத்தீன் அகராதி, ஏறக்குறைய கி.பி. 200-உடன் நின்றுவிடுகிறது. புனித ஜெரோமின் விவிலியத்தையோ அகஸ்டினையோ படிக்கும் குருமாணவர் அதில் தேடி ஏமாறும் சொற்கள், லியோ ஸ்டெல்டன் 1995-இல் வெளியிட்ட திருச்சபை இலத்தீன் அகராதியில் எளிதாகக் கிடைக்கும். எனவே என்ன படிக்கப் போகிறோம் என்பதை முடிவு செய்துகொண்டு அகராதி வாங்குவதே முறை.

லூயிஸும் ஷார்ட்டும் செய்த பேரகராதி இப்போது கைப்பேசியிலேயே இலவசமாகக் கிடைக்கிறதே, சிற்றகராதி எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்க விமானப்படையில் பணியாற்றிய வில்லியம் விட்டேக்கர் உருவாக்கிய ‘வேர்ட்ஸ்’ என்ற இலவச மென்பொருள், ஒரு சொல்லை உள்ளிட்டால் அதன் இலக்கண வடிவத்தையும் இரண்டொரு வரியில் பொருளையும் மட்டுமே காட்டும். அந்தச் சுருக்கத்துக்காகவே உலகெங்கும் இலத்தீன் படிப்போர் அதைப் பயன்படுத்தி வருகின்றனர். என் மாணவர்களும் பயன்படுத்துகிறார்கள்; ‘துலித்’தின் வேரைத் தாமே ஊகித்துப் பார்த்த பிறகு அதைத் திறக்கலாம் என்பது மட்டுமே நான் அவர்களுக்கு இடும் நிபந்தனை.

நன்றி, வணக்கம்.