128.78: குகை லெவல் பாட்டு கடைசியில் பொருந்திவிட்டது

வணக்கம் மக்களே! இன்றைக்கு ஒரே ஓர் எண்ணைப் பற்றித்தான் பேச்சு. 128.78. ஒரு பாட்டின் டெம்போ, அதாவது நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற வேகம். இது கிடைத்ததிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

போன வீடியோவில் ஆரம்பித்தோமே, அந்த என்இஎஸ் (நிண்டெண்டோவின் பழைய கேம் கன்சோல்) கேமின் குகை லெவல் பாட்டு. நான் எப்போதும் செய்வதுதான்: கன்சோலிலிருந்து நேராகப் பதிவு செய்த அசலை ரீப்பர் என்ற இசைப்பதிவு மென்பொருளில் ஒரு டிராக்கில் போட்டுவிட்டு, அதன் மேலேயே என் பேஸையும் டிரம்ஸையும் அடுக்க வேண்டும். டெம்போ 129 வைத்தால் முதல் சுற்று அப்படியே ஒட்டிப் போகிறது. மூன்றாவது நிமிடத்தில் பார்த்தால் அசல் 0.3 நொடி பின்னால் வருகிறது. இந்த வேகத்தில் அது அரை பீட்டுக்கும் மேல்! 128-க்கு இறக்கினால் ஒரு நொடி முந்திக்கொண்டு ஓடுகிறது. எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமல்ல.

"ஆடியோவை இழுத்துச் சரி பண்ணு" என்று கமெண்டில் எழுதப் போகிறீர்கள், தெரியும். மாட்டேன். என்இஎஸ் ஒலிச் சிப்பில் மெட்டை வாசிக்கும் பல்ஸ் சேனலின் அழகே ஸ்வரம் தொடங்கும்போது வரும் அந்த வெட்டு. இழுத்தால் முதலில் அதுதான் குழையும்.

சரி, காரணம் என்ன? அந்த கேமில் இசையை ஓட்டும் நிரலுக்கு நிமிடத்துக்கு எத்தனை பீட் என்ற கணக்கே கிடையாது. டிவி ஒரு ஃபிரேம் வரைந்து முடிக்கும்போதெல்லாம் அது ஒருமுறை விழித்து, அடுத்த ஸ்வரம் வாசிக்கலாமா என்று பார்க்கும். ஸ்வரத்தின் நீளம் எப்போதும் முழு ஃபிரேம்களில்தான். இந்தப் பாட்டில் ஒரு கால் பீட்டுக்கு 7 ஃபிரேம், ஒரு பீட்டுக்கு 28. நொடிக்கு 60 ஃபிரேம் என்று போட்டால் 128.57 வரும். அதுவும் பொருந்தவில்லை! ஏனென்றால் என்னுடைய என்இஎஸ் ஓடுவது நொடிக்கு 60.0988 ஃபிரேமில். அதை 60-ஆல் பெருக்கி 28-ஆல் வகுத்தேன். 128.78. டெம்போ பெட்டியில் அதைத் தட்டிவிட்டுக் கடைசிச் சுற்றுக்குத் தாவினேன். கிக் டிரம் கோட்டின் மேல் அப்படியே நிற்கிறது. நாற்காலியை விட்டே எழுந்துவிட்டேன்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம்: கால் பீட்டுக்கு 6 ஃபிரேம் என்றால் வேகம் சுமார் 150, 7 என்றால் 129-ஐ ஒட்டி, 8 என்றால் சுமார் 113. இப்படி எளிமையாக எண்ணும் நிரலில் நடுவில் ஒன்றுமே கிடையாது. இசையமைத்தவர் அந்தப் படிகளுக்குள்தான் பாட்டின் நடையைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். அதனால்தான் ரீமிக்ஸ் என்ற பெயரில் எல்லாப் பாட்டையும் 140-க்கு ஏற்றி, கீழே தம் தம் என்று கிக் போடுவது எனக்கு அறவே பிடிக்காது. நடை போனால் குகை எங்கே இருக்கும்?

அப்புறம் எதிரொலி. இரண்டாவது பல்ஸ் சேனல் முதல் சேனலின் மெட்டையே முக்கால் பீட் தள்ளி, சன்னமாக வாசிக்கிறது. எதிரொலிக்கென்று தனி வசதி இல்லாத சிப்பில் அதற்காக ஒரு முழுச் சேனலையே கொடுத்திருக்கிறார்கள். முக்கால் பீட் என்றால் 21 ஃபிரேம், அதாவது 349 மில்லிநொடி. எதிரொலி உண்டாக்கும் டிலே பிளகினில் 349 என்று வைத்ததும் அசலின் எதிரொலியும் என்னுடையதும் ஒன்றாகிவிட்டன. இப்போது இரண்டாவது குரல் எனக்கு மிச்சம்! அதில் ஒரு செல்லோவை மெதுவாக நுழைத்திருக்கிறேன். ஒரே ஒரு செல்லோதான். முழு ஆர்கெஸ்ட்ரா கேட்காதீர்கள்.

ஓ, டெம்போ பற்றிப் பேசும்போதே சொல்லியிருக்க வேண்டும். "என்னிடம் இருக்கும் பதிவு மெதுவாகக் கேட்கிறதே" என்று ஒருவர் கேட்டிருந்தார். உங்களுடையது பால் (PAL) கன்சோலில், அதாவது ஐரோப்பா போன்ற இடங்களில் விற்ற மாடலில், எடுத்ததாக இருக்கும். அது நொடிக்குச் சுமார் 50 ஃபிரேம்தான். அதே 7 ஃபிரேம் கணக்கு அங்கே சுமார் 107-க்கு இறங்கிவிடும். உங்கள் பிராஜெக்டில் 107.16 வைத்துப் பாருங்கள்.

பேஸ் முடிந்துவிட்டது. அசலில் பேஸ் வாசிக்கும் டிரையாங்கிள் சேனலுக்கு ஒலி அளவைக் கூட்டிக் குறைக்கும் வசதியே கிடையாது. இருந்தால் முழுசாக இருக்கும், இல்லையென்றால் இல்லை. அதனால் பேஸ் கிட்டாரையும் ஏற்ற இறக்கம் இல்லாமல், ஒரே அழுத்தத்தில் வாசித்து, ஸ்வரம் முடிகிற இடத்தில் கையால் சட்டென்று அடக்கினேன். ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சமன் செய்யும் கம்ப்ரஸர் தேவையே படவில்லை.

மிச்சம் இருப்பது டிரம்ஸ். அசலில் இரைச்சலை வைத்தே டிரம்ஸ் வாசிக்கும் நாய்ஸ் சேனலின் ஹை-ஹேட்டை அப்படியே விடலாமா, நிஜ ஹை-ஹேட் போடலாமா என்பது இன்னும் முடிவாகவில்லை. என் மனசு நாய்ஸ் பக்கம்தான் சாய்கிறது, ஆனால் செல்லோ வரும் இடத்தில் அது கொஞ்சம் கரகரக்கிறது. இரண்டையும் அடுத்தடுத்து ஓட விடுகிறேன். ஹெட்போன் போட்டுக் கேட்டுவிட்டுச் சொல்லுங்கள்.