குப்பியின் மேல் எழுதியிருப்பதை நம்பலாமா?

நேயர்களுக்கு வணக்கம்.

மருத்துவமனையில், கையிலிருக்கும் தகவலை வைத்து இன்றைக்கே முடிவெடுத்தாக வேண்டும். புற்றுநோய் ஆய்வில் முனைவர் பட்டத்துக்குச் சேரும் மருத்துவர் அதே வேகத்தை ஆய்வகத்துக்கும் கொண்டுவந்தால் மாதக்கணக்கான உழைப்பு வீணாகும்.

உடலிலிருந்து எடுத்த செல்களை ஆய்வகக் குப்பியில் வளர்க்கும் செல் வளர்ப்பையே பாருங்கள். 37 டிகிரி செல்சியஸ், 5 சதவீதம் கரியமில வாயு, வேளை தவறாமல் புது வளர்ப்பு ஊடகம், அதாவது செல்களுக்கு உணவாகும் திரவம். செல்கள் செழிப்பாகப் பெருகும். ஆனாலும் உள்ளே மைக்கோபிளாஸ்மா என்ற மிகச் சிறிய பாக்டீரியா குடியிருக்கலாம். அதற்குச் செல் சுவர் கிடையாது, பென்சிலினுக்கு அசையாது. 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நழுவிவிடும். மற்ற பாக்டீரியாக்களைப் போல ஊடகத்தைக் கலங்கவைத்துக் காட்டிக்கொடுக்கவும் செய்யாது. செல்லின் வளர்சிதை மாற்றத்தையே அது புரட்டிப்போடுவதால், மருந்தின் விளைவு என்று நாம் எழுதிவைப்பது தொற்றின் விளைவாக இருக்கக்கூடும். புதிதாக வந்த செல்களைத் தனியே வைத்து, மைக்கோபிளாஸ்மாவின் டிஎன்ஏவைத் தேடும் பிசிஆர் சோதனை செய்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள். அதன்பின் மாதம் ஒருமுறை சோதியுங்கள்.

இன்னொரு வில்லங்கம், ஆள்மாறாட்டம்: குப்பியின் மேல் ஒரு பெயர், உள்ளே வேறு செல். எம்டிஏ-எம்பி-435 என்ற செல் வரிசையை (ஆய்வகத்தில் தொடர்ந்து பெருக்கப்படும் ஒரே வகைச் செல்களை) மார்பகப் புற்றுநோய் என்று நம்பிப் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. 2000-இல் மரபணு வெளிப்பாட்டை, அதாவது எந்தெந்த மரபணுக்கள் எவ்வளவு இயங்குகின்றன என்பதை ஒப்பிட்டபோது அது மெலனோமா என்ற தோல் புற்றுநோயின் செல்களோடு போய்ச் சேர்ந்தது. எம்14 என்ற மெலனோமா வரிசைதான் அது என்று பின்னர் தெரிந்தது. பெயரைச் சரிபார்க்காமல் யாருக்கும் ரத்தம் ஏற்றாத மருத்துவர், செல்லுக்கும் டிஎன்ஏ அடையாளச் சோதனை கேட்பதுதானே முறை?

எண்ணிக்கையிலும் ஒரு பொறி உண்டு. ஒரே குப்பியிலிருந்து ஒரே நாளில் சோதனைத் தட்டின் மூன்று குழிகளில் செய்த சோதனை, மூன்று சோதனை ஆகாது. வெவ்வேறு நாளில், தனித்தனியாக வளர்த்த செல்களில் திரும்பச் செய்ய வேண்டும்.

மருத்துவருக்கு உண்மையான பலம் நோயாளியிடமிருந்து எடுக்கும் திசுவில் இருக்கிறது. நோயாளியின் ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். கட்டியை வெட்டி எடுத்த கணத்திலிருந்து ஆர்என்ஏ (எந்த மரபணு இயங்குகிறது என்று காட்டும் மூலக்கூறு) சிதையத் தொடங்குகிறது. மார்பகத் திசுவை ஒரு மணி நேரத்துக்குள் ஃபார்மலின் என்ற பதப்படுத்தும் திரவத்தில் போட்டு, 6 முதல் 72 மணி நேரம் வைத்திருந்தால் ஹார்மோன் ஏற்பிச் சோதனை நம்பகமாக வரும். ஆர்என்ஏ வேண்டுமென்றால் அதற்கென ஒரு துண்டைத் தனியே எடுத்துத் திரவ நைட்ரஜனில் உடனே உறையவையுங்கள். கட்டியின் நடுப்பகுதி செத்த திசுவாக இருக்கக்கூடும் என்பதால், எங்கே வெட்டுவது என்று நோயியல் மருத்துவர் காட்டட்டும். வெட்டிய நேரம், உறையவைத்த நேரம் இரண்டையும் குப்பியிலேயே குறித்துவிடுங்கள், நைட்ரஜனில் அழியாத மையில்.