பென்சிலை எடுத்து ஒளித்து வையுங்கள்!

[கையில் ஒரு பனை ஓலைத் துண்டு]

வணக்கம். இந்த ஓலையில் ஒரு எழுத்து இருக்கிறது. தெரிகிறதா? கமராவைக் கிட்டக் கொண்டுவருகிறேன். இப்பவும் தெரியாது. பொறுங்கள், ஓடிவிடாதீர்கள்.

நாலு வயதுப் பிள்ளைக்கு மணிக்கட்டு எலும்பே இன்னும் முற்றவில்லை. அதற்குள் பென்சிலைத் திணித்து, "வடிவாக எழுது" என்று அதட்டுகிறோம். முதலில் விரலுக்குப் பலம் வேண்டும். விளக்கம் அவ்வளவுதான்.

[தட்டத்தில் மணல்]

ஏடு தொடக்கும் அன்று அரிசியில் 'அ' எழுதுவிக்கிறோம். அடுத்த நாள் தட்டத்தைக் கழுவிக் கவிழ்த்து விடுகிறோம். ஏன்? தினமும் எழுதட்டுமே! நான் அரிசி மாவில் தொடங்கினேன். விடியப் பார்த்தால் தட்டம் முழுக்க எறும்பு. இப்போது கழுவி அரித்த மணல்தான். மெல்லிசாகப் பரப்புங்கள், விரல் போன இடத்தில் தட்டத்தின் அடி தெரிய வேண்டும்.

உடுப்புக் கிளிப்பால் புளியங்கொட்டை பொறுக்கி முட்டைப் பெட்டிக்குள் போடுவதும் நல்ல பயிற்சி. பக்கத்திலேயே இருங்கள், கொட்டை மூக்குக்குள் போய்விடும். இரண்டு பங்கு கோதுமை மா, ஒரு பங்கு உப்பு, தண்ணீர் சேர்த்துப் பிசைந்தால் களிமண் மாதிரி உருட்டலாம். ரொட்டி மட்டும் சுட்டுவிடாதீர்கள்.

சரி, ஓலைக்கு வருவோம். எனக்குப் பிடித்ததே இதுதான்.

ஓலையில் நரம்பு நீளவாட்டில் ஓடும். அதன்மேல் எழுத்தாணியால் நேர்கோடு இழுத்தால் ஓலை கிழியும். நம் எழுத்து இப்படி உருண்டு திரண்டதற்கு அதையே காரணமாகச் சொல்வார்கள். குத்தினால் ஓட்டை விழும் என்று சுவடிகளில் மெய்யெழுத்தின் புள்ளியைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். 'க' என்று இருந்தால் அது 'க'வா, 'க்'கா என்பது வாசிப்பவர் பாடு! உங்கள் பிள்ளை கொப்பியில் புள்ளியை விட்டால் குட்டாதீர்கள், சுவடி எழுதுகிறது என்று நினையுங்கள். (டீச்சர்மார் மன்னிக்கவும்.)

காய்ந்த குருத்தோலைத் துண்டு ஒன்று எடுங்கள். மை தீர்ந்த பேனையால் பெரிதாக ஒரு எழுத்துக் கீறுங்கள். ஓலையின் விளிம்பு வெட்டும், ஓரத்தில் டேப் ஒட்டுங்கள். பிள்ளை நகத்தால் அந்தப் பள்ளத்தைத் தடவித் தடவி எழுத்தைக் கண்டுபிடிக்கட்டும். பிறகு சிரட்டைக் கரித்தூளில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, விரலால் பூசச் சொல்லுங்கள். துணியால் துடைத்தால்...

[துடைக்கிறார்]

'ழ'! கரி பள்ளத்துக்குள் மட்டும் நிற்கிறது பாருங்கள். சுவடிக்கு மை பூசியதும் இப்படித்தான்.

உங்கள் வீட்டில் எந்த எழுத்து வந்தது? கொமெண்டில் போடுங்கள். சுவரில் பதிந்த கரிக்கைக்கு நான் பொறுப்பில்லை.