மார்ச் மாத பில்லும் நிதிப் பற்றாக்குறையும்

நேயர்களுக்கு வணக்கம். கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, வடகரப்பதி, எருத்தேம்பதி பக்கம் பஞ்சாயத்து வேலை எடுத்துச் செய்கிறவர்களை மார்ச் மாதத்தில் கேட்டால், ‘பில் டிரஷரியில் கிடக்கிறது’ என்பார்கள்; அரசுக் கருவூலத்திலிருந்து பணம் இன்னும் வரவில்லை என்று பொருள். டெல்லியில் பேசும் நிதிக் கட்டுப்பாடு நம் வார்டுக்கு வந்து சேரும் வழி அதுதான்.

மத்திய அரசின் நிதிப் பற்றாக்குறையை, அதாவது வரவுக்கு மேல் கடன் வாங்கிச் செய்யும் செலவை, நாட்டு உற்பத்தியில் 3 சதவீதத்துக்குள் கொண்டுவரச் சொன்னது 2003-ல் வந்த நிதிப் பொறுப்புச் சட்டம். கொரோனா ஆண்டான 2020-21-ல் அது 9.2 சதவீதத்தைத் தொட்டது. 2025-26 பட்ஜெட்டில் மதிப்பீடு 4.4. குறைத்தது நல்ல காரியம். ஆனால் எண்ணை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம்.

ரேஷன் அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். உணவு மானியம் முழுவதையும் பட்ஜெட்டில் ஒதுக்காமல், இந்திய உணவுக் கழகத்தைச் சிறுசேமிப்பு நிதியிலிருந்து கடன் வாங்க வைத்தார்கள். அரிசி கடைக்கு வந்தது, செலவும் ஆனது. பற்றாக்குறைக் கணக்கில் மட்டும் ஏறவில்லை. 2020-21-ல் அந்தக் கடனைக் கணக்குக்குள் கொண்டுவந்தபோது எண் வீங்கியது. 9.2-ல் ஒரு பங்கு இந்தப் பழைய பாக்கி. வெளியே தெரியவைத்ததுதான் உண்மையான ஒழுங்கு என்பேன்.

இன்னொன்று, வாங்கிய கடன் எதற்குப் போகிறது என்பது. 2025-26 பட்ஜெட்டில் கடன் 15.69 லட்சம் கோடி ரூபாய். அதில் 5.24 லட்சம் கோடி வருவாய்ப் பற்றாக்குறை; அதாவது சம்பளம், வட்டி, மானியம் போன்ற அன்றாடச் செலவை அடைக்க வாங்குவது. மூன்றில் ஒரு பங்கு! வாய்க்காலுக்கோ பாலத்துக்கோ வாங்கிய கடன் பின்னால் விளைச்சலாகவும் வரியாகவும் திரும்பும். அன்றாடச் செலவுக்கு வாங்கியது பெரும்பாலும் வட்டியாகவே தங்கிவிடும்.

மாநிலங்களுக்கு வழக்கமான கடன் வரம்பு, மாநில உற்பத்தியில் 3 சதவீதம். மத்திய அரசுக்குக் கடன்பாக்கி உள்ள மாநிலம், அரசியல் சட்டத்தின் 293-ம் பிரிவுப்படி மத்திய அரசின் சம்மதம் பெற்றே கடன் வாங்கலாம். சாலை, பாலம் போன்ற வேலைகளுக்காகக் கேரள அரசு நடத்தும் கிஃப்பி நிறுவனம் வாங்கிய கடனும் இந்த வரம்பில் சேருமா என்ற தகராறில் கேரளம் உச்ச நீதிமன்றம் போனது. 2024-ல் வழக்கு அரசியல் சாசன அமர்வுக்கு மாறியது.

வரம்பு இறுகினால் டிரஷரியில் பில் வரிசை நீளும். மார்ச் 31-க்குள் பணம் இறங்காத வேலை ‘ஸ்பில் ஓவர்’ ஆகி அடுத்த ஆண்டுத் திட்ட நிதியைத் தின்னும். முதலில் அடிபடுவது புதிய வேலை: காலனிக்குக் குடிநீர்க் குழாய், தோட்டத்துக்குப் போகும் வழி. செலவுக் குறைப்பு எளியவர்கள் தலையில் விழுவது இப்படித்தான், யாரும் அறிவிக்காமலே.

ஆகவே கிராம சபைக்குப் போங்கள். வார்டு வாக்காளர்களில் 10 சதவீதம் பேர் வந்தால்தான் கோரம், அதாவது கூட்டம் செல்லுவதற்கு வேண்டிய குறைந்த அளவு ஆட்கள். புதுத் திட்டப் பட்டியலை வாசிக்குமுன் மூன்றைக் கேளுங்கள்: போன ஆண்டு ஸ்பில் ஓவர் எத்தனை, அதற்கு எத்தனை ரூபாய், மிச்சம் எவ்வளவு. பதில் வராவிட்டால் மனுவாக எழுதிக் கொடுங்கள். கேரள ஆட்சிமொழிச் சட்டப்படி, தமிழ்ச் சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அலுவலகங்களுக்குத் தமிழிலேயே எழுதலாம்; பதிலும் தமிழில் வர வேண்டும். வணக்கம்.